பெரீயா கலாசாலையும் அதன் பழைய மாணாக்கரும்

ஒரு கலாசாலையில் பயின்று வெளியேறியவனுக்கு அக்கலாசாலையின்மீது என்ன உரிமை உண்டு? இக்கேள்வி அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பலமாக எழுந்திருக்கிறது. அங்குள்ள பெயர்பெற்ற கலாசாலைகள் பலவற்றில், பழைய மாணாக்கரின் பிள்ளைகளுக்கு இடங்கொடுப்பதில் தனிச்சலுகை காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தந்தை இங்கே படித்தான். ஆகவே மகனும் இங்கே படிக்கத் தகுந்தவன் என்பதே அவ்வழக்கத்தின் தத்துவம். ஹார்வர்டு சர்வகலாசாலையின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளியான கணக்குகளைப் பார்த்தால், பழைய மாணாக்கரின் பிள்ளைகளாய் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் வீதம் இடம் பெற்றனர். ஏனையோரில் நூற்றுக்கு ஆறு பேரே பெற்றனர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, மாணாக்கரைச் சேர்ப்பதில் இனத்தைக் கருதலாகாது என்று விதித்தது. அடிமைகளாயிருந்தவரின் சந்ததியாருக்குக் காட்டப்பட்ட சிறு சலுகை அதனோடு முடிந்தது. பரம்பரைக்குக் காட்டப்படும் பெருஞ்சலுகையோ அசையாமல் நின்றது. இம்முரணைக் கண்டு நாணியோ, பொதுஜனங்களின் கண்டனத்திற்கு அஞ்சியோ, சில கலாசாலைகள் அதைத் தாமே கைவிட்டன. அம்ஹர்ஸ்டு கலாசாலை 2021-லேயே விட்டது. வெஸ்லியன் சர்வகலாசாலை 2023-இல் விட்டது. 2024-இல் கலிபோர்னியா மாகாணம் அதைச் சட்டத்தினாலேயே தடுத்தது. பிறப்பினால் வரும் உரிமையைப் பற்றி நம் நாட்டாருக்குப் பிறர் பாடஞ்சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் இவ்விவாதத்தின் நியாயத்தை நாம் விரித்துரைக்கப் புகவில்லை. இவ்விவாதம் எழுவதற்கே இடமில்லாத கலாசாலை ஒன்றும் அந்நாட்டில் உண்டு; அதைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறோம்.

கெண்டக்கி மாகாணத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் அடிவாரத்தில் பெரீயா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கலாசாலையின் பெயரும் அதுவே. மாணாக்கர் தொகை சுமார் 1,500. ஒரே தொழிலுக்கு மாணாக்கனை ஆயத்தஞ் செய்வதைவிட இலக்கியம், சரித்திரம், தத்துவம், கணிதம், ரசாயனம் முதலியவற்றால் அவன் அறிவைப் பரந்துபட வளர்ப்பதே முதற்கடமை என்று கருதும் சிறு கலாசாலைகள் அமெரிக்காவில் மிகப் பல. பெரீயாவும் அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் அவ்வகைக் கலாசாலைகளிற் பல செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உறைவிடங்களாயிருக்க, பெரீயாவோ 1892-ஆம் ஆண்டு முதல் போதனைக்கென்று ஒரு காசும் சம்பளம் வாங்குவதில்லை. அதுமட்டுமன்று. பொருளில்லாதவர் வீட்டுப் பிள்ளைகளையே அது சேர்த்துக்கொள்ளுகிறது. விண்ணப்பிப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும், அவன் குடும்பத்தின் வருமானம் ஓரளவுக்கு மேற்பட்டதாயின், பொதுவிதியாக அவனுக்கு அங்கே இடமில்லை.

இவ்விதியினால் விளைவது யாது? பெரீயாவில் படித்த ஏழை ஒருவன், அப்படிப்பின் பயனாகவே நல்ல நிலைமையை அடைகிறான் என்று கொள்வோம். அவன் கலாசாலைக்கு நன்றி பாராட்டுகிறான். ஆண்டுதோறும் நன்கொடை அனுப்புகிறான். அவன் மகன் கல்லூரிப் பருவத்தை அடையும்போது கலாசாலை அவனைப் பார்த்து, "உன் தந்தை வாழ்வு பெற்றுவிட்டான், நீ வேறிடம் செல்" என்று சொல்லிவிடுகிறது. ஹார்வர்டில் தந்தையின் பட்டம் மகனுக்குக் கதவைத் திறக்கிறது. பெரீயாவில் தந்தையின் வெற்றி மகனுக்குக் கதவை அடைக்கிறது. அப்படியிருந்தும் பெரீயாவின் பழைய மாணாக்கர் கூட்டம் குன்றாமல் இருந்து வருகிறது. தன் வீட்டுக்குத் திரும்பி வாராத கொடையைக் கொடுப்பதற்கு மனிதரை எது தூண்டுகிறது என்று அறிய வேண்டுமாயின், அக்கலாசாலையின் சரித்திரத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

அதை ஸ்தாபித்தவர் ஜான் கிரெக் பீ என்னும் பாதிரியார். 1816-இல் கெண்டக்கியிலேயே பிறந்தவர். அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரின் மகன். அடிமை வழக்கம் பாவமென்று பிரசங்கம் செய்யத் தொடங்கியதும் தந்தை அவரைக் கைவிட்டார். காஷியஸ் கிளே என்னும் செல்வர் மாடிஸன் ஜில்லாவில் அவருக்கு நிலங்கொடுத்தார். 1855-இல் அவ்விடத்தில் ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே கோவிலுமாயிற்று. கிளேயும் அடிமை வழக்கத்தை வெறுத்தவரே. ஆனால் அது படிப்படியாக, சட்டத்திற்கு உட்பட்டு ஒழிய வேண்டுமென்பது அவர் கட்சி. பாபமென்று தெரிந்த பிறகு தவணை எதற்கு என்பது பீயின் கட்சி. 1856-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆந் தேதி, அந்நாட்டுச் சுதந்திர தினத்தன்று, இருவரும் பகிரங்கமாக வேறுபட்டனர். 1907-ஆம் ஆண்டு சூரத்தில் நடந்ததை அறிந்த நேயர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. மிதவாதியும் தீவிரவாதியும் எந்நாட்டிலும் ஒரே பந்தியில் நெடுநேரம் அமர்ந்திருப்பதில்லை.

1859-இல் கலாசாலைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளில் ஒன்றை நம் நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இக்கலாசாலை எந்தெந்தத் தீமைகளை எதிர்த்து நிற்கும் என்பதை அது கூறுகிறது. மதப்பிரிவுகளின் பிணக்கு, அடிமைகளை வைத்திருத்தல், சாதி, இவை போன்ற பிற தவறான வழக்கங்கள் என்று அது அடுக்கிச் சொல்லுகிறது. ஆம், சாதி என்ற சொல்லே அங்கே இருக்கிறது. நம் நாட்டின் அவக்கேட்டைக் குறிக்க மேனாட்டார் வழங்கிய சொல்லை எடுத்து, அந்தப் பாதிரியாரும் அவர் தோழரும் தங்கள் நாட்டின் நோய்க்குப் பெயராக வைத்தார்கள். நிறத்தினால் ஒருவனைத் தாழ்த்துவதும் பிறப்பினால் ஒருவனைத் தாழ்த்துவதும் ஒன்றே என்று 1859-லேயே அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் நாட்டுக் கலாசாலைகளில் எத்தனை அவ்வாண்டில் தம் விதிகளில் அச்சொல்லை எழுதத் துணிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நமக்கு வெட்கமாயிருக்கிறது.

விதி எழுதிய மை உலருமுன் தண்டனை வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜான் பிரௌன் என்பவர் ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்னுமிடத்து ஆயுதசாலையைத் தாக்கினார். அடிமை வழக்கத்தை எதிர்ப்போரெல்லாம் கலகக்காரரே என்ற பீதி தென்னாடெங்கும் பரவிற்று. டிசம்பர் மாதத்தில் ஆயுதந்தாங்கிய கூட்டமொன்று பெரீயாவுக்குக் குதிரையேறி வந்து, பத்து நாட்களுக்குள் மாகாணத்தை விட்டு வெளியேற வேண்டுமென்று பீயின் தோழர்களுக்கு உத்தரவிட்டது. குடும்பம் குடும்பமாக அவர்கள் வெளியேறினார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமை வழக்கம் ஒழிந்த பிறகே அவர்கள் திரும்பி வந்து வேலையைத் தொடர முடிந்தது. 1866-67-இல் பள்ளியில் 187 மாணாக்கர் இருந்தனர். அவர்களில் 96 பேர் கறுப்பினத்தார், 91 பேர் வெள்ளையர். நேற்றுவரை அடிமைகளாயிருந்தவரின் பிள்ளைகளும், அவர்களை அடிமைகொண்ட இனத்தாரின் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். தென்னாட்டில் அந்நாளில் அது வேறெங்கும் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று.

அக்காலத்து மாணாக்கரில் ஒருவர் ஜேம்ஸ் பாண்டு. அடிமையாகப் பிறந்தவர். கையிற் பணமின்றி, படிப்புச் செலவுக்காக ஓர் இளங்காளையை ஓட்டிக்கொண்டு நடந்தே பெரீயாவுக்கு வந்து சேர்ந்தார் என்று அவர் குடும்பத்தில் வழங்கி வரும் கதை. 1892-இல் பட்டம் பெற்று, பாதிரியாராகி, பின்னர் அக்கலாசாலையின் தர்மகர்த்தர்களில் ஒருவராகவும் அமர்ந்தார். அவர் மகன் ஹோரஸ் மன் பாண்டு கல்வித் துறையில் பெயர்பெற்று ஒரு சர்வகலாசாலையின் தலைவரானார். பேரன் ஜூலியன் பாண்டு, கறுப்பினத்தாரின் குடியுரிமைப் போராட்டத்தில் இளமையிலேயே குதித்து, அவ்வினத்தாரின் பழம்பெரும் சங்கத்திற்குத் தலைவராக விளங்கினார். ஓர் இளங்காளையின் விலைக்கு ஒரு தேசம் பெற்ற வட்டி இது.

பெரீயாவின் சரித்திரம் முழுவதும் புகழ்மாலையே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1892 முதல் 1920 வரை அதன் தலைவராயிருந்தவர் வில்லியம் குடெல் பிராஸ்டு. அப்பலாச்சிய மலைகளில் வறுமையில் கிடந்த வெள்ளையரை அவர் உலகத்தார் கண்களுக்குக் காட்டினார். அவர்கள் பொருட்டுப் பணமும் திரட்டினார். அது நல்ல காரியமே. ஆனால் அதனோடு கூடவே கறுப்பு மாணாக்கரின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. பாதிக்கு மேலிருந்தது, புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாயிற்று. பீ 1901-இல் இறப்பதற்கு முன் இதைக் கண்டு வருந்தினார். ஏழையின்மீது இரக்கங்கொள்வது எளிது; எந்த ஏழையின்மீது இரங்கினால் பணக்காரன் பணந்தருவான் என்று கணக்கிடத் தொடங்குவது அதைவிட எளிது. பிராஸ்டு அவ்வாறு கணக்கிட்டார் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை; ஆனால் அவர் வழி அத்திசையிற் சென்றதென்பதை மறைக்கவும் முடியாது.

பிறகு வந்தது 1904. கெண்டக்கி சட்டசபையில் கார்ல் டே என்னும் அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பிக்கும் எந்தப் பள்ளியையும் நடத்தலாகாது. நடத்தினால் 1,000 டாலர் அபராதம். மேற்கொண்டு நாளொன்றுக்கு 100 டாலர். அத்தகைய பள்ளியிற் படிக்கும் மாணாக்கனுக்கும் நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம்! இரண்டு இனத்தாரையும் வெவ்வேறு கிளைகளில் வைத்துக் கற்பிப்பதாயினும் கிளைகளுக்கிடையே குறைந்தது 25 மைல் தூரம் இருக்கவேண்டும். மாகாணத்தில் இவ்வாறு இரு இனத்தாரும் சேர்ந்து படித்த கலாசாலை பெரீயா ஒன்றே. ஆகவே சட்டம் பொதுச் சட்டத்தின் உடையணிந்து வந்ததே தவிர, அது குறிவைத்தது ஒரே கட்டடத்தை. சர்க்காருக்குப் பிடிக்காத ஒரே பத்திரிகையை ஒடுக்குவதற்காக நாடு முழுமைக்கும் சட்டம் செய்த அதிகாரிகளை நாம் அறிந்திருக்கிறோம்.

கலாசாலை பணிந்துவிடவில்லை, வழக்காடிற்று. மாகாண நியாயஸ்தலம் 25 மைல் நிபந்தனையை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை உறுதி செய்தது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1908-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. மனிதரை நிறத்தினாற் பிரிக்க ஒரு சர்க்காருக்கு அதிகாரம் உண்டா என்பதல்லவா கேள்வி? நீதிபதி புரூவர் அக்கேள்வியின் பக்கமே செல்லவில்லை. கலாசாலை என்பது மாகாணம் கொடுத்த சாசனத்தினால் உண்டான ஒரு சங்கம். தான் படைத்த சங்கத்தின் சாசனத்தை மாகாணம் திருத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். சட்ட நுட்பம் இதுபோலவே பல சமயங்களில் நீதிக்குப் புறவாயிற் கதவாக உதவுகிறது. நீதிபதி ஹார்லன் ஒருவர் எதிர்த்து எழுதினார். அவர் கெண்டக்கியில் பிறந்தவர். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தினர். தீங்கற்ற காரியத்திற்காக மனிதர் தாமே விரும்பி ஒன்றுகூடுவதை, அவர்கள் நிறத்தைக் காட்டித் தடுக்கச் சுதந்திர நாடொன்றின் சர்க்காருக்கு உரிமையுண்டா என்று அவர் கேட்டார். 1896-இல் ரயில் வண்டிகளில் இனப்பிரிவு பற்றிய வழக்கிலும் அவர் இவ்வாறே தனித்து நின்றவர். அன்று அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க அந்நாடு 1954 வரை காத்திருந்தது.

இந்நெருக்கடியில்தான் பெரீயாவின் மாணாக்கர் சமூகம் எத்தகையது என்பது வெளிப்பட்டது. கறுப்பு மாணாக்கர் பிரிந்து சென்ற பிறகு முதன்முறையாகக் கூடிய வெள்ளை மாணாக்கர், அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களுக்குள்ள உரிமை உங்களுக்கும் உண்டு, அதை நீங்கள் இழந்திருக்கிறீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை என்பது அதன் கருத்து. கடிதம் சட்டத்தை மாற்றாது, நாமும் அறிவோம். ஆனால் அந்நாளில், அந்த மாகாணத்தில், இருபது வயது வெள்ளை வாலிபர் அப்படி எழுதியது சிறு காரியமன்று. கறுப்பினப் பழைய மாணாக்கரோ வேறு விதமாகப் பேசினார்கள். தலைவர் பிராஸ்டு முழுமனத்துடன் போராடவில்லையென்றும், கலாசாலையை வெள்ளையருக்கே வைத்துக்கொள்ள அவர் தயங்கவில்லையென்றும் சிலர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார்கள். நம் கருத்தில், கலாசாலைக்கு அவர்கள் செலுத்திய பெருங்கடன் இக்குற்றச்சாட்டே. பழைய மாணாக்கர் சங்கமென்றால் ஆண்டுக்கொருமுறை கூடி, சிற்றுண்டி அருந்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, வந்த பெரிய மனிதருக்கு மாலையிட்டு வீடு திரும்புவது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். தாய் தவறினால் தாயென்று சொல்லியே தடுப்பவனல்லவா மகன்?

கலாசாலை தன்னாலியன்ற பரிகாரத்தைச் செய்தது. வெளியேற்றப்பட்ட மாணாக்கர் பிஸ்கு முதலிய கறுப்பினக் கலாசாலைகளுக்குச் சென்று படிப்பைத் தொடரப் பொருளுதவி செய்தது. அவர்களுக்கென்றே ஒரு புதுப் பள்ளி நிறுவ நிதி திரட்டிற்று. அந்நிதிக்காக ஊரூராய் அலைந்தவர்களில் ஒருவர் நாம் முன்னே சொன்ன ஜேம்ஸ் பாண்டு. 1912-இல் லிங்கன் பள்ளி ஷெல்பி ஜில்லாவில் திறக்கப்பட்டது. அப்பள்ளியின் வளாகத்திலேயே 1921-இல் ஓர் உபாத்தியாயரின் வீட்டில் பிறந்த குழந்தைதான் விட்னி யங். 1961 முதல் 1971-இல் இறக்கும்வரை கறுப்பினத்தாரின் நகர சங்கத்தைத் தலைமைதாங்கி நடத்தி, பிரஸிடெண்டுகளுக்கு ஆலோசனை கூறியவர் அவர். துரத்தப்பட்டவர்களுக்காக எழுந்த பள்ளி அதன் பயனைத் தராமற் போகவில்லை.

கார்ட்டர் உட்ஸன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. 1875-இல் வர்ஜினியாவில், முன்னாள் அடிமைகளுக்குப் பிறந்தவர். மேற்கு வர்ஜினியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிவேலை செய்து, இருபது வயதை எட்டும்போதுதான் உயர்தரப் பள்ளியில் சேர்ந்தார். வேலைக்கிடையே விட்டு விட்டுப் பெரீயாவில் படித்து, 1903-இல், அதாவது கதவு அடைபடுவதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், பட்டம் பெற்றார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் உபாத்தியாயராயிருந்தார்; 1912-இல் ஹார்வர்டில் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். டூபாய்ஸுக்கு அடுத்தபடியாக அங்கே அப்பட்டம் பெற்ற கறுப்பர் அவரே. கறுப்பினத்தாருக்குச் சரித்திரமே கிடையாதென்று பிரொபஸர்கள் சொல்லிவந்த காலம் அது. 1915-இல் அவர் ஒரு சரித்திர சங்கம் நிறுவினார். மறு ஆண்டு பத்திரிகை தொடங்கினார். 1926-இல் ஆண்டுக்கொரு வாரம் அவ்வினத்தாரின் சரித்திரத்தைப் பள்ளிகளில் கொண்டாடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1976 முதல் அது ஒரு மாதக் கொண்டாட்டமாய் வளர்ந்து நிலைபெற்றிருக்கிறது. தன் சரித்திரத்தைத் தானே எழுதாத ஜாதியாரைப் பிறர் தம் விருப்பம்போல் எழுதிவிடுவர் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? சுரங்கத்தொழிலாளி ஒருவனுக்கு ஒரு சிறு கலாசாலை கொடுத்த வாய்ப்பு, ஓர் இனத்தார் தம்மைத் தாமே அறிந்துகொள்ளும் வாய்ப்பாக மாறியது.

இத்தகைய ஸ்தாபனம் சம்பளம் வாங்காமல் எவ்வாறு நடக்கிறது என்று நேயர்கள் கேட்பார்கள். அதற்கு இரண்டு விடைகள். ஒன்று உழைப்பு. பெரீயாவில் ஒவ்வொரு மாணாக்கனும், மாணாக்கியும், வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலைசெய்தாக வேண்டும். இதற்கு விலக்குக் கிடையாது. 1909 முதல் நடந்துவரும் பூன் டாவர்ன் என்னும் விடுதியில் விருந்தினரை உபசரிப்பவர் மாணாக்கர். தறியில் நெய்வோர், மரவேலை செய்வோர், துடைப்பம் கட்டுவோர், பண்ணையில் உழுவோர், புஸ்தகசாலையிலும் ரசாயன சாலையிலும் கணிப்பொறி அறையிலும் வேலை பார்ப்போர் அனைவரும் மாணாக்கரே. இதற்குச் சிறு கூலியும் உண்டு; புஸ்தகத்திற்கும் உணவுக்கும் அது உதவும். வேலையின் தரமும் பாடத்தின் தரத்தைப்போலவே மதிப்பிடப்படுகிறது. கையால் வேலைசெய்தவன் படித்தவனல்லன், படித்தவன் கையால் வேலைசெய்யலாகாது என்னும் மனப்பான்மை எந்த நாட்டில் மிகுதியென்று நாம் சொல்ல வேண்டுமோ? சர்வகலாசாலைப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு துடைப்பத்தைத் தொடக் கூசும் வாலிபர், துடைப்பம் கட்டியே பட்டம் பெறுவோர் உலகில் உண்டென்று அறிவது நன்று. ஆயினும் இவ்வுழைப்பினால் மட்டும் கலாசாலையின் செலவு அடங்கிவிடாது. பத்து மணி நேர வேலையால் ஓர் உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுத்துவிட முடியுமானால், உலகில் ஏழைக் கலாசாலைகளே இரா.

மற்றொரு விடை மூலநிதி. 1920-இல் தர்மகர்த்தர்கள் ஒரு தீர்மானம் செய்தார்கள். இன்ன காரியத்திற்கென்று குறிப்பிடாமல் உயில் மூலம் வரும் பணமனைத்தையும் செலவழிக்காமல் மூலநிதியிலேயே சேர்த்துவிட வேண்டும். அதன் வருவாயையே கலாசாலைக்குச் செலவிட வேண்டும். பணமுடை வந்த ஆண்டுகளிலும் பிற்காலத்துத் தலைவர்கள் அத்தீர்மானத்தைக் காத்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு அந்நிதி நூறு கோடி டாலருக்கு மேற்பட்டு நிற்கிறது. அதில் பெரும்பகுதி பழைய மாணாக்கர் கொடுத்ததென்று சொல்வது உண்மைக்கு மாறாகும். அங்கே படித்தவர்களில் பலர் மலைநாட்டுப் பள்ளிகளில் உபாத்தியாயர்களாகவும், ஆஸ்பத்திரிகளில் தாதிகளாகவும் வாழ்நாளைக் கழிப்பவர்கள். அவர்களிடம் லட்சங்கள் ஏது? பெரீயாவைக் கண்ணாலும் காணாத எத்தனையோ பேர் சிறுகச்சிறுகக் கொடுத்ததும், இறக்கும்போது எழுதிவைத்ததுமே நிதியின் அடிப்படை. ஆனால் அவர்கள் ஏன் கொடுத்தார்கள்? அங்கே படித்து வெளியேறியவர்களின் வாழ்க்கையைக் கண்டே கொடுத்தார்கள். மலைநாட்டு உபாத்தியாயினி ஒருத்தியின் முப்பதாண்டு வேலையைவிட மேலான நன்கொடைப் பத்திரம் வேறெது?

இந்நிதிக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் பெருநிதி படைத்த கலாசாலைகளின்மீது புதுவரி விதித்தது. சம்பளம் செலுத்தும் மாணாக்கரைக் கொண்ட கலாசாலைகளுக்கே அவ்வரி என்று மசோதாவில் முதலில் இருந்தது. செனட்டின் நடைமுறை விதி ஒன்றைக் காட்டி அச்சொற்கள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. அதனால் சம்பளமே வாங்காத பெரீயாவும் ஹார்வர்டோடு ஒரே வரிசையில் வரிசெலுத்த நேர்ந்தது. 2018 பிப்ரவரியில்தான் பிழை திருத்தப்பட்டது. ஏழைகளுக்குச் சோறிடும் சத்திரத்தையும் லாபத்திற்கு நடக்கும் ஹோட்டலையும் சட்டம் சில வேளைகளில் பிரித்தறிவதில்லை.

பெயர்பெற்ற பழைய மாணாக்கரும் பெரீயாவுக்கு இல்லாமலில்லை. 1937-இல் அங்கே பட்டம் பெற்ற ஜான் பென், பெரிய மூலக்கூறுகளை நிறுத்தறியும் முறையைக் கண்டமைக்காக 2002-இல் ரசாயனத்திற்கு நோபல் பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 85. கெண்டக்கியின் நிலக்கரிப் பிரதேசத்தில் பிறந்து 1942-இல் பட்டம் பெற்ற ஜுவானிடா கிரெப்ஸ், 1977-இல் அமெரிக்காவின் வர்த்தக மந்திரியானார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண் அவரே. இவர்களைக் கூறுவது பெருமைக்காக அன்று. இவர்கள் வேறு கலாசாலையில் படித்திருந்தாலும் பெரியவர்களாகியிருக்கக்கூடும். ஆனால் சுரங்கவூர்ப் பிள்ளை ஒன்று வேறு கலாசாலையின் வாயிலைத்தான் மிதித்திருக்குமா என்பதே கேள்வி.

நாம் கண்ட வரையில் பெரீயாவைக் குறித்து நியாயமான ஆட்சேபம் ஒன்றுண்டு. 1,500 பேருக்கு நூறு கோடி டாலர் வேண்டியிருக்கிறதென்றால், நாட்டிலுள்ள ஏழைகளனைவருக்கும் இம்முறை எவ்வாறு எட்டும்? எட்டாது. சர்க்கார் செய்ய வேண்டிய கடமையை ஒரு தர்ம ஸ்தாபனம் முற்றும் ஏற்க முடியாது. ஏற்பதாகச் சொல்லி சர்க்காரை விடுவிக்கவும் கூடாது. ஆனால் ஏழைக்குக் கொடுக்கும் கல்வி மட்டமானதாகவே இருக்கும் என்ற பேச்சை இந்த 1,500 பேர் பொய்யாக்குகிறார்கள். பிள்ளைக்கு இடங்கிடைக்காவிட்டால் பழைய மாணாக்கன் பணங்கொடுக்க மாட்டான் என்று பெருங்கலாசாலைகளின் தலைவர்கள் சொல்லும் வாதத்தையும் அங்கே படித்தவர்கள் பொய்யாக்குகிறார்கள். பழைய மாணாக்கரின் அன்பை விலைக்கு வாங்கித்தான் தீரவேண்டும் என்று ஹார்வர்டு கருதட்டும். தன் பிள்ளைக்கு மறுக்கப்பட்ட இடத்தில் ஊர்பேர் அறியாத சுரங்கத்தொழிலாளியின் பிள்ளை உட்காருவதற்காகப் பணம் அனுப்புகிறவனை நாம் அவர்களுக்குக் காட்டுவோம்.

1950-இல் கெண்டக்கி சட்டசபை பழைய சட்டத்தைத் திருத்திற்று. மேற்படிப்புக் கலாசாலைகள் தாம் விரும்பினால் கறுப்பு மாணாக்கரைச் சேர்க்கலாம் என்று அத்திருத்தம் அனுமதித்தது. கட்டளையன்று, அனுமதியே. பெரீயா அவ்வாண்டே கதவைத் திறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உட்ஸன் வாஷிங்டனில் இறந்தார். பீ எழுதிய விதியும் ஹார்லன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் ஏட்டில் உறங்கிக் கிடந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே அவ்வாயிலுக்கு வெளியே நின்று மூப்படைந்துவிட்டது. மறுபடியும் உள்ளே வந்தவர்களில் முதலிற் பட்டம் பெற்றவர் ஜெஸ்ஸி ரீசர் ஸாண்டர் என்னும் வர்ஜினியா நாட்டுப் பெண். பள்ளிகளில் இனப்பிரிவு செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த அதே 1954-ஆம் ஆண்டில், கறுப்பினப் பட்டதாரிகள் வரிசையில் ஐம்பதாண்டுகளாய் எழுதப்படாமல் கிடந்த அடுத்த பெயரைப் பெரீயா எழுதிற்று.